அயினி மரத்து வடம்

சோசம்மாவுக்கு இருந்தது வேலை செய்த களைப்பு இல்லை. வேலை செய்த களைப்பு என்றால் குளித்தால் பாதி போகும், படுத்தால் மீதி போகும். இது எதற்கும் போகவில்லை. காலையில் அவள் கண் விழிக்கும்போது கூடவே விழித்து, அவளுக்கு முன்னால் அடுக்களைக்குப் போய் நின்றது. ஐம்பதைத் தொடப்போகிற வயது. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. பெரிய துக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இருந்தாலும் நனைந்த சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரியே நாள் போனது.

வாழக்குளம் ஊரைச் சுற்றி ரப்பர் மரம் வெட்டிய சரிவெல்லாம் இப்போது அன்னாசிதான். அவளுக்கு அங்கேதான் வேலை. நைட்டிக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, உள்ளே கால்சட்டை, முழங்கால் வரைக்கும் காலுறை. இவ்வளவு சுற்றிக்கொண்டு போனாலும் முள் எப்படியோ உள்ளே புகுந்து கீறிவிடும். களை பறிக்கவும் குனிய வேண்டும், கன்று நடவும் குனிய வேண்டும், காய் வெட்டவும் குனிய வேண்டும். சாயங்காலம் நிமிரும்போது முதுகு இன்னும் கீழேயே இருப்பது போலத் தோன்றும்.

புருஷன் குரியாகோஸ் சந்தையில் சுமை தூக்கியவன். ஒருநாள் லாரியிலிருந்து கூடையோடு சறுக்கி விழுந்து முதுகுத் தட்டு விலகிய பிறகு தூக்க முடியவில்லை. காலையில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து லாட்டரிச் சீட்டு விற்பான். மத்தியானம் வந்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவான். இடுப்பில் பெல்ட், முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்வது உப்பு, புளி, கேஸ் சிலிண்டர் அளவோடு நின்றுபோயிருந்தது.

அப்படி ஒரு சாயங்காலம்தான் விலாசினி வந்தாள். அந்த வார்டின் ஆஷா பணியாளர். சர்க்கரை, பிரஷர் என்று வீடு வீடாக ஏறி இறங்குகிறவள்.

"சேச்சி, ஓணத்துக்குப் பஞ்சாயத்துல பொம்பளைங்களுக்கு வடம்வலிப் போட்டி வச்சிருக்காங்க. வார்டுக்கு ஒரு டீம். நம்ம குடும்பஸ்ரீ மகளிர் குழுவுல இருந்து எட்டுப் பேர் வேணும்."

சோசம்மா காலுறையை உருவிக்கொண்டே நிமிர்ந்தாள். "வடம் இழுக்கவா? எடீ விலாசினி, விடிஞ்சதுல இருந்து என்னைத்தான் எல்லாரும் இழுத்துக்கிட்டு இருக்காங்க. இனி நான் போய் எதை இழுக்க?"

"உடம்புக்கு நல்லது சேச்சி. மனசுக்கும் நல்லது. டிரெயினிங்ல சொன்னாங்க. பெரியவங்க தினமும் கொஞ்ச நேரமாவது உடம்பை அசைக்கணுமாம். அசைச்சா மனசுல தானா ஒரு சந்தோஷம் ஊறுமாம்."

"அசைக்கணுமா? அப்போ இந்த ஊர்லயே பெரிய சந்தோஷக்காரி நான்தான். ஒரு சரிவு முழுக்க அசைச்சுட்டு வந்திருக்கேன். எங்கே ஊறியிருக்குன்னு நீயே பாத்துச் சொல்லு." கையை நீட்டினாள். புறங்கை நிறைய முள் கீறல்.

விலாசினி சிரித்துப் பார்த்தாள். சேச்சி சிரிக்கவில்லை. "அது வேலை சேச்சி. இது வேற."

"வேறயா? இது வேலை, இது விளையாட்டுன்னு உடம்புக்குத் தெரியுமா?"

அதற்கு டிரெயினிங்கில் பதில் சொல்லித் தரவில்லை போலும். விலாசினி பையை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். அப்போது நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"அவளைக் கடைசியில நிறுத்தணும்."

இரண்டு பெண்களும் திரும்பினார்கள். குரியாகோஸ் தன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெடுநாளாக அப்படி அவன் பார்த்ததில்லை. கால் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று அளந்த பார்வை.

"கடைசி ஆளு கனமா இருக்கணும். குதிகாலை ஊனி நின்னா அசையக் கூடாது. இவ நின்னா அசைய மாட்டா."

"நல்ல பேச்சு," என்றாள் சோசம்மா. "கட்டிட்டு வந்து இத்தனை வருஷம் கழிச்சு வாயைத் திறந்தா, நான் கனம்னு சொல்லத்தான் திறக்குது."

இளவயதில் குரியாகோஸ் வடம்வலியில் பேர்போனவன். சந்தைச் சுமைக்காரர்கள் டீமில் கடைசி ஆள். கோதமங்கலம் வரைக்கும் போய் நேந்திரன் குலையும் ஆட்டுக்கடாவும் ஜெயித்து ஜீப்பில் ஏற்றி வந்தவன். விலாசினி அப்போதே அவனைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ சேட்டன்தான் எங்களுக்கு ஆசான்."

சோசம்மா போகமாட்டேன் என்றுதான் இருந்தாள். மறுநாள் தோட்டத்திலிருந்து வரும் வழியில் நபீசா கையைப் பிடித்து இழுத்தாள். நபீசாவும் அவளும் ஒரே வரிசையில் குனிகிறவர்கள். "வாடீ, சும்மா பாத்துட்டு வரலாம். உன் மாப்பிள்ளை எழுந்து நிக்கிறாராம். அதைப் பாக்கவாவது போக வேணாமா?"

ஊர் கிளப்புக்குப் பின்னால் ஓர் அயினி மரம். அதன் தாழ்ந்த கிளையில் கப்பி. கப்பியில் கைப்பிடிக்குள் அடங்காத வடம். வடத்தின் ஒரு முனையில் கல் நிரப்பிய தார்ப் பீப்பாய். ஆண்கள் டீம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் இழுத்துப் பழகுகிற இடம். பெண்கள் ஆறு பேர் ஏற்கெனவே பிடித்துப் பார்த்துப் பீப்பாயை அசைக்க முடியாமல் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சோசம்மா, கடைசியில போ," என்றான் குரியாகோஸ். மரத்தில் ஒரு கையை ஊன்றி நின்றிருந்தான். "தோள் வழியா வடத்தை எடுத்து முதுகைச் சுத்தி விடு. குதிகாலை மண்ணுல அடி. குனியாதே. குனிஞ்சா தீந்தது. பின்னால சாய்."

"பின்னால சாஞ்சா விழுந்துடுவேன்."

"வடம் இருக்குல்ல? விழ விடாது. சாய்."

அவள் சாய்ந்தாள். எட்டுப் பேரும் சாய்ந்தார்கள். வடம் விறைத்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பீப்பாய் முனகியது, தரையிலிருந்து கழன்றது, ஆடியது. "ஒரு அடி பின்னால," என்றான் குரியாகோஸ். ஓர் அடி வைத்தார்கள். பீப்பாய் முழங்கால் உயரம் ஏறியது. "நிறுத்து. மூச்சு விடாதே. நில்லு."

சோசம்மா மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பின்னால் சாய்ந்தால் வேறு எங்கே பார்க்க முடியும்? அயினி இலைக்கு நடுவே வானம் தெரிந்தது. நாளெல்லாம் மண்ணையும் முள்ளையும் பார்த்த கண்ணில் வானம் வந்து விழுந்தது. தொடை நடுங்கியது. கை எரிந்தது. முதுகில் எட்டுப் பேருடைய பாரமும் இருந்தது. ஆனால் தோளில் கிடந்த அந்த நனைந்த சாக்கு மட்டும் இல்லை. எங்கே போனது என்று தேடிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"விடு," என்றான் அவன். பீப்பாய் தடாலென்று இறங்கியது. எட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவராக மல்லாந்தார்கள். நபீசா சோசம்மாவின் வயிற்றின்மேல் விழுந்து, "படைச்சவனே, மெத்தை மாதிரி இருக்கு!" என்றாள். சோசம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவள் காதுக்கே வேறு யாரோ சிரித்தது மாதிரி கேட்டது.

அன்றைக்கு ராத்திரி படுத்ததும் தூங்கிப்போனாள். காலையில் உடம்பு முழுக்க வலி. ஆனால் இந்த வலிக்கு ஒரு காரணம் இருந்தது, ஓர் இடமும் இருந்தது. தொடையில் வலித்தால் தொடையில் மட்டும் வலித்தது.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. நம்பவும் இல்லை. மழை விட்டு வெயில் வந்ததால் இருக்கும் என்று நினைத்தாள். மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். தோட்டத்தில் குனிந்து நிற்கும்போது வெயில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அடிக்கடி பார்ப்பது வழக்கமாயிற்று. அந்த ஒரு மணி நேரம் பகலுக்கு வெளியே இருந்தது. கஞ்சி வைக்க வேண்டியதில்லை, யாருக்கும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. சாய வேண்டும், நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதை இழந்துவிடக் கூடாது என்ற பயமும் அப்போதே வந்துவிட்டது. நல்லது எதுவும் அவளிடம் நெடுநாள் தங்கியதில்லை.

பத்து நாள் போனதும் குரியாகோஸ் சொன்னான். "இனி எடை பாக்கணும்."

"எதுக்கு?" என்றாள் விலாசினி.

"என்னம்மா கேக்குற? எடை பாக்காம வடமா? ஆம்பளைங்களுக்கு ஏழு பேருக்கு நானூத்தி ஐம்பத்தஞ்சு கிலோ. ஒரு கிராம் கூடினாலும் களத்துல இறங்க விடமாட்டான். உங்களுக்கு எட்டுப் பேருக்கு ஐந்நூறு வச்சிருப்பான். அதுக்குள்ள நிக்கணும்."

அவன் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். வடம் என்றால் எடை, அவனுக்கு அது ஞாயிற்றுக்கிழமைக் குர்பானா பூசை மாதிரி, கேள்வியே இல்லாதது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தை காலியாக இருக்கும் நேரம் பார்த்து, தெரிந்த வியாபாரி ஒருவருடைய கிடங்கில் கூடினார்கள். அன்னாசி நிறுக்கிற மேடைத் தராசு. பலகையில் பழச்சாறு காய்ந்து பிசுபிசுவென்று ஒட்டியது.

முதலில் ஏறியவள் நபீசா. "எப்படி நிறுக்கப் போறீங்க சேட்டா? கொண்டையோடவா, கொண்டை இல்லாமலா?"

"ஏ கிரேடா பி கிரேடான்னு முதல்ல பாருங்க," என்றாள் பின்னால் ஒருத்தி.

"இவளா? ஜாமுக்குத்தான் ஆவா."

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கூட்டிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஐந்நூற்று எட்டு. கடைசியாக ஏறிய சோசம்மா மட்டும் எழுபத்து நான்கு.

குரியாகோஸ் தாடையைச் சொறிந்தான். எல்லோருடைய கண்ணும் ஒரே ஆளிடம் போய் நின்றது. தபால்காரர் மருமகள் ஒல்லியானவள், இழுக்க ஆசைப்படுகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். விலாசினிதான் மெதுவாகத் தொடங்கினாள். "சேச்சி வேணும்னா கூட வந்து தண்ணி எடுத்துக் கொடுக்கலாம்... நம்ம டீம் ஆளுதானே எப்படியும்..."

"தண்ணி நான் வீட்டுலயே எடுத்துக் கொடுக்கிறேன்," என்றாள் சோசம்மா. பலகையை விட்டு அவள் இறங்கவில்லை. "இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல."

"குறைச்சிடறேன்."

"எட்டு கிலோவா? ஒருத்தியா?"

"நீங்க ஆளுக்குக் கொஞ்சம் குறைங்க. மீதி நான் பாத்துக்கறேன்."

குரியாகோஸ் அவளைப் பார்த்தான். முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. "குறைப்பா," என்றான் மற்றவர்களிடம். "நாங்க எல்லாம் போட்டிக்கு முந்தின ரெண்டு நாள் தண்ணிகூடக் குடிக்க மாட்டோம். எச்சிலைத் துப்பித் துப்பியே அரை கிலோ குறைப்போம்."

அன்றிலிருந்து சோசம்மா காலைக் கஞ்சியை விட்டாள். கப்பக்கிழங்கை விட்டாள். மத்தியானச் சோற்றைத் தூக்குச் சட்டியில் கொண்டுபோய், பாதியை ரப்பர் மரத்தடியில் காக்கைக்குக் கொட்டினாள். பாலில்லாத கட்டன் சாயாவும் ஒரு துண்டு மீனுமாக நாளை ஓட்டினாள். வேலை மட்டும் குறையவில்லை. சாயங்காலம் வடத்தைப் பிடிக்கும்போது கை முன்னைப் போல இறுகவில்லை. இருந்தாலும் போனாள். சாய்ந்தால் வானம் வந்தது. இப்போது அதில் சின்னச் சின்ன மின்மினிகளும் சேர்ந்து பறந்தன. பசியில் கண் பூத்துப்போவதுதான் அது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒருநாள் தோட்டத்தில் செடி பூப்பதற்கு மருந்து ஊற்றுகிற வேலை. ஒரு கையில் வாளி, ஒரு கையில் குவளை, ஒவ்வொரு செடியின் குருத்திலும் கொஞ்சம். குனிந்து ஊற்றி அடுத்த செடிக்கு அடி வைத்தாள். வைத்த அடி தரைக்குப் போய்ச் சேரவில்லை. கண் திறந்தபோது செடிகளுக்கு நடுவே பக்கவாட்டில் கிடந்தாள். கன்னத்தில் முள் கிழித்து ரத்தம். மருந்து வாளி கவிழ்ந்து சட்டை நனைந்திருந்தது. நபீசா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தன் தண்ணீர்ப் பாட்டிலை அவள் வாயில் திணித்தாள்.

"குடிடீ. குடிக்கிறியா, இல்ல மூக்கைப் பிடிச்சு ஊத்தட்டா?"

"எடை ஏறிடும்..."

"எடையாம் எடை! பரிசுன்னு தர்ற ஒரு வாழக்குலைக்கும் ஒரு சேவலுக்கும் செத்துப் போவியா? சேவல் வேணும்னா என் வீட்டுல நாலு நிக்குது. எடுத்துட்டுப் போ."

"சேவலுக்கு இல்லடீ."

"பின்ன எதுக்கு? உன் மாப்பிள்ளை பேரைக் காப்பாத்தவா?"

சோசம்மா பாட்டிலைத் தள்ளிவிட்டாள். படுத்திருந்ததால் அவளுக்கு மேலே நபீசாவின் முகமும் அதற்கு மேலே வெயிலும் மட்டும் தெரிந்தன.

"எனக்கு நாள்ல அந்த ஒரு மணி நேரம்தான் இருக்கு," என்றாள். "மத்த நேரமெல்லாம் ஓடிக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான். என்னை எடுத்துட்டு அந்த ஒல்லிக்காரியைப் போட்டா, நான் அந்த நேரத்துல எங்கே போவேன்? வீட்டுக்குப் போய் அந்த நாற்காலிக்கு எதிர்ல இன்னொரு நாற்காலி போட்டு உக்காரவா?"

நபீசா ஏதோ சொல்ல வந்தாள். வாயில் வந்தது வசவுதான், ஆனால் அதை விழுங்கிக்கொண்டாள். தன் தலையில் கட்டியிருந்த துண்டால் அவள் கன்னத்து ரத்தத்தை ஒற்றினாள்.

"எனக்கும் அப்படித்தான்," என்றாள் மெதுவாக. "நான் என்னமோ எனக்குத்தான் கிறுக்குன்னு நினைச்சேன்."

பிறகு எழுந்து, "இருந்தாலும் தின்னுட்டுச் சாகு," என்று தன் சோற்றை எடுத்து வந்தாள். சோசம்மா இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய்க்கு வாய் திறக்கவில்லை.

போட்டி திருவோணத்துக்கு மறுநாள். பள்ளிக்கூட மைதானத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. மைக்கில் ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். சோசம்மா முந்தின நாள் ஓணச் சாப்பாட்டில் கைவைக்கவில்லை. ராத்திரியிலிருந்து தண்ணீரும் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. காதில் கிடந்த கம்மலைக்கூடக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். மற்றவர்களும் கொஞ்சம் வாடித்தான் இருந்தார்கள். காலையில் சந்தைத் தராசில் எட்டுப் பேரும் சேர்ந்து ஐந்நூறுக்குள் வந்திருந்தார்கள். மயிரிழைதான், ஆனால் வந்திருந்தார்கள்.

குரியாகோஸ் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பந்தலுக்குப் போனான். பெண்கள் பின்னாலேயே போனார்கள். மேசைக்குப் பின்னால் பஞ்சாயத்து மெம்பர் தங்கச்சன் உட்கார்ந்திருந்தார்.

"எடை எங்கே பாக்கறீங்க மெம்பரே?"

"எடையா? எதோட எடை?"

"டீமோட எடை. தராசு எங்கே?"

தங்கச்சன் அவனையும், அவனுக்குப் பின்னால் நின்ற எட்டுப் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "தராசா? எதுக்கு குரியாகோஸே, இவங்களை வித்துட்டுப் போகப் போறியா? இது ஓணத்துக்கு நடத்துற போட்டி. எடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எட்டுத் தலை இருந்தாப் போதும்."

அதற்குள் மைக்காரன் இவர்களோடு மோதப்போகிற மூன்றாம் வார்டைக் கூப்பிட்டான். அவர்கள் இறங்கி வந்தார்கள். மீன் கூடை தூக்குகிறவர்கள், பாறை உடைக்கிறவர்கள். ஒவ்வொருத்தியும் ஒரு வாசல் அகலம் இருந்தாள். கடைசி ஆளைப் பார்த்து நபீசா, "படைச்சவனே, அந்தப் பீப்பாயே நடந்து வருது," என்றாள். பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"சேட்டா! பதினஞ்சு நாளா இவ பட்டினி கிடந்தா. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இந்த மனுசன்கிட்ட வந்து கேக்கத் தோணலையா உங்களுக்கு?"

குரியாகோஸ் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். "வடம்னா எடை பாப்பாங்க," என்றான். "எப்பவும் பாப்பாங்க." அதைச் சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. மனைவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "நான் கேட்டிருக்கணும்."

சோசம்மாவுக்கு அவனைத் திட்டக்கூடத் தெம்பு இல்லை. மைதானத்து ஓரத்தில் சாயாக்கடை இருந்தது. நேரே அங்கே நடந்தாள். ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே கவிழ்த்துக்கொண்டாள். கண்ணாடிப் பெட்டியில் இருந்த பழம்பொரி பஜ்ஜியைக் கையால் காட்டினாள். கடைக்காரர் ஒன்று கொடுத்தார். "வரிசையா கொடுங்க," என்றாள். ஐந்து தின்றாள். ஐந்தாவதைத் தின்னும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. எண்ணெய்ச் சூடு என்று கடைக்காரர் நினைத்திருப்பார்.

"நம்ம வார்டைக் கூப்பிடறாங்க சேச்சி," என்று விலாசினி ஓடி வந்தாள்.

பிசின் பொடியைக் கையில் தேய்த்துக்கொண்டு வடத்தை எடுத்தார்கள். விசில் ஊதியது. சாய்ந்தார்கள். மூன்றாம் வார்டு சுலபமாக இழுத்துவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். முடியவில்லை. வடம் நடுவில் நின்றுவிட்டது. இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. மைக்காரன் கத்துவதை நிறுத்தினான். மழை நேரே சோசம்மாவின் கண்ணுக்குள் விழுந்தது. அவள் கண்ணை மூடவில்லை. குதிகால் ஈர மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக உழுதது. உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இருந்தாலும் நின்றாள். ஒன்றுமே மிச்சமில்லாமல் நிற்பது அவளுக்குப் புதிதில்லை. இத்தனை பேர் சேர்ந்து அப்படி நிற்பதுதான் புதிது.

பிறகு தொடை விட்டது. எட்டுப் பேரும் கோட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவது இழுப்பு சீக்கிரமே முடிந்தது. கடைசியில் வாழைக்குலையும் சேவலும் மூன்றாம் வார்டுக்குப் போயின.

சோசம்மா மைதான ஓரத்துக்குப் போய்த் தின்ற ஐந்தையும் வாந்தி எடுத்தாள். நபீசா முதுகைத் தடவினாள். "போச்சா? நல்லது. இப்போ தராசுல ஏறு, கச்சிதமா இருப்ப." இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்து சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் சோசம்மாவுக்குச் சிரிப்பு ஓய்ந்தது. இனி வடம் இல்லை. அதுதான் அவளுக்கு உள்ளே உறுத்தியது, தோற்றது இல்லை.

மறுநாள் தோட்டம் இருந்தது. குனிந்தாள். வெயில் சாய்கிறதா என்று தலை தானாகத் தூக்கிப் பார்த்தது. பார்த்த பிறகுதான் இனிப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நினைவு வந்தது. வேலை முடிந்து வீட்டை நோக்கித்தான் நடந்தாள். கிளப் பக்கம் திரும்புகிற இடத்தில் கால் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு திரும்பினாள்.

கிளப் செக்ரட்டரி அயினி மரத்தடியில் வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவன், நல்ல மனிதன்தான்.

"என்ன சேச்சி?"

"வடத்தைச் சுருட்டாதே. அங்கேயே இருக்கட்டும்."

"போட்டிதான் முடிஞ்சு போச்சே. அடுத்த ஓணத்துக்குத் தர்றோம்."

"போட்டிக்கு இல்ல."

"பின்ன?"

சோசம்மாவுக்கு முகம் சுட்டது. மருந்து வேண்டும், அரிசி வேண்டும், நாளைக்கு வேலை வேண்டும் என்று கேட்டுப் பழகிய வாய். இப்படி ஒன்றை அவள் யாரிடமும் கேட்டதில்லை.

"இழுக்கத்தான். சும்மா இழுக்க."

"சும்மாவா?" அவன் சிரித்தான். "தோட்டத்துல வேலை கம்மியா சேச்சி? சும்மா இழுக்க யாராவது வடம் கேப்பாங்களா?"

"நான் கேக்கறேன்ல? ஆம்பளைங்க ராத்திரி எட்டு மணிக்கு மேலதானே வருவாங்க? சாயங்காலம் இந்த மரம் சும்மாதானே நிக்குது? நானும் சும்மாதான் இழுக்கப் போறேன். உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அவளுடைய குரல் உயர்ந்துவிட்டது. செக்ரட்டரி ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தான். கன்னத்தில் முள் கிழித்த காயம் இன்னும் ஆறவில்லை. வடத்தைக் கீழே போட்டான். "மழையில நனைய விடாதீங்க. அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கிளப் சுவருக்குப் பின்னாலிருந்து நபீசா வந்தாள். தோட்டத்திலிருந்து இவள் பின்னாலேயேதான் வந்திருக்கிறாள், ஒளிந்து நின்று கேட்டிருக்கிறாள். விலாசினி சர்க்கரை பார்க்கிற பையோடு ரோட்டில் போனவள், இரண்டு பேரையும் பார்த்து உள்ளே வந்தாள். மற்றவர்கள் யாரும் வரவில்லை. மூன்று பேரும் வடத்தைக் கப்பியில் மாட்டி இழுத்தார்கள். பீப்பாய் அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

"இது எட்டுப் பேருக்கான பீப்பாய்டீ," என்றாள் நபீசா.

"கல்லை எடு," என்றாள் சோசம்மா.

பீப்பாய்க்குள் கையை விட்டு ஒவ்வொரு கல்லாக எடுத்துப் போட்டார்கள். போய் இழுத்துப் பார்ப்பார்கள், அசையாது, திரும்ப வந்து இன்னும் கொஞ்சம் எடுப்பார்கள். எப்போது வந்தான் என்று தெரியவில்லை, குரியாகோஸ் கிளப் சுவரோரம் நின்றிருந்தான். போட்டி முடிந்ததிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. அவனும் இப்போது பக்கத்தில் வரவில்லை.

"இன்னும் ரெண்டு கல்லை எடுத்தா சுலபமா வரும்," என்றான் அங்கிருந்தே.

"சுலபமா வர வேணாம்," என்றாள் சோசம்மா, அவனைத் திரும்பிப் பார்க்காமல். "இவ்வளவு போதும்."

வடத்தைத் தோள் வழியாக எடுத்து முதுகைச் சுற்றி விட்டாள். குதிகாலை அடித்தாள். மூன்று பேரும் சாய்ந்தார்கள். பீப்பாய் கழன்று, தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. கை எரியத் தொடங்கியது. அவள் விடவில்லை.